நூற்றைம்பது தலைப்புத் தாள்கள்

ஜெயமலருக்குக் கோபமே வராது என்று ஸ்காபரோவிலிருந்து விட்பி வரை சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் ஒருவரும் அவளோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை. நடத்திய ஒரே மனிதர் அவள் கணவர் விநாயகமூர்த்தி. முப்பத்தொரு வருடத்தில் அவருக்கும் அது தெரியவரவில்லை, ஏனென்றால் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை, ரொறொன்ரோவுக்குக் கிழக்கே பிக்கரிங்கில் அவர்கள் வீட்டுக் கராஜில், சென்னையிலிருந்து விமானத்தில் வந்த ஐந்து பெட்டிகளில் முதலாவதை அவள் கத்தியால் கீறித் திறந்தாள்.

புத்தகம் வடிவாகத்தான் வந்திருந்தது. 'டப்ளின் அச்சுக்கூடப் பெண்கள்' என்று தலைப்பு. அதன் கீழே ஒரு பழைய மர அச்சு யந்திரத்தின் படம். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் விநாயகமூர்த்தி என்று போட்டிருந்தது.

அவள் அட்டையைத் திருப்பினாள். தலைப்புத் தாளிலும் விநாயகமூர்த்தி. அடுத்து மூன்று பக்கத்துக்கு 'என்னுரை'. பழைய நூல்களைத் தேடி எத்தனையோ நாள் தூசியில் கிடந்ததாக அதில் அவர் எழுதியிருந்தார். கடைசிப் பந்தி இப்படி முடிந்தது: 'இந்நூலைப் பொறுமையுடன் தட்டச்சுச் செய்து தந்த என் துணைவியாருக்கும் நன்றி.'

தட்டச்சுச் செய்தது உண்மைதான். எழுதினவள் தட்டச்சுச் செய்யாமல் வேறு யார் செய்வது?

அவள் அந்தப் பந்தியை மூன்று தரம் வாசித்தாள். பிறகு தெருவில் போகிறவர்கள் பார்க்காதபடி கராஜ் கதவை இறக்கினாள்.

நகரத்தின் நடுவிலே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், அரிய நூல்களைப் பட்டியலிடும் பகுதியில் ஜெயமலருக்கு வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கோ ட்ரெயின் என்ற புறநகர் ரயிலில் போய் வருகிறாள். அதில் ஐந்து வருடம் ஒரே தொகுப்போடு போனது. யாரோ ஒரு சேகரிப்பாளர் கொடுத்துவிட்டுச் செத்துப்போன, பதினெட்டாம் நூற்றாண்டு டப்ளினில் அச்சான புத்தகங்கள். லண்டனில் பதிப்புரிமைச் சட்டம் வந்த பிறகும் அது அயர்லாந்துக்குச் செல்லாது. ஆகவே லண்டனில் வந்த புத்தகத்தை டப்ளின்காரர் மலிவாகத் திருப்பி அடித்து விற்றார்கள். அதில் அச்சுக்கூடங்கள் பெருகின. அந்த அச்சுக்கூடங்களுக்குள்ளே பெண்கள் இருந்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் தெரியமாட்டார்கள். நாவல் எழுதியவளின் இடத்தில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று இருக்கும். அச்சடித்தவளின் இடத்தில் புருசன் பெயர் இருக்கும். ஒரேயொரு இடத்தில்தான் பெண்களின் பெயர் தாராளமாக அச்சாகியிருந்தது. புத்தகத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டியவர்களின் பட்டியல் அது. பணம் கட்டினால் பெயர் வரும், எழுதினால் வராது. இதை முதன்முதலில் கண்டுகொண்ட நாளில் ஜெயமலர் தனக்குள்ளே தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

எல்லாரிலும் அவளுக்கு நெருக்கமானவள் ஹானா டோய்ல். ஒன்பது வருடம் 'ஜேம்ஸ் டோய்ல் அச்சிட்டது' என்று வந்த புத்தகங்கள் அத்தனையையும் எழுத்துக் கோத்து, மெய்ப்புப் பார்த்து, தாள் வியாபாரியோடு சண்டை பிடித்து வெளியே கொண்டுவந்தவள் அவள். ஜேம்ஸ் டோய்ல் அந்த ஒன்பது வருடமும் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தவர். ஒரு புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டியிருந்த கடிதம் ஒன்றில் ஜெயமலர் இதைக் கண்டுபிடித்தாள். அவரைப் புதைத்த அடுத்த மாதம் வந்த புத்தகத்தில்தான் 'ஹானா டோய்ல் அச்சிட்டது' என்று முதல் தடவையாக இருந்தது. தலைப்புத் தாளில் அந்த அச்சுக்கூடம் வழக்கமாகப் போடும் பூக்கூடைப் படம் அதேதான், அதன் அச்சுக்கட்டையில் இருந்த வெடிப்பும் அதேதான். அன்று பின்னேர ரயிலில் யோசித்துக்கொண்டே இருந்து, பிக்கரிங்கில் இறங்காமல் விட்பி வரை போய்த் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு நாலு வருடம் எழுதினாள், ரயிலிலே மடியில் கணினியை வைத்து. எழுதி முடித்ததும் விநாயகமூர்த்தி, "தாரும், ஒருக்கால் திருத்தித் தாறன்," என்று கேட்டார். அவர் இங்கே இலக்கிய வட்டத் தலைவர். சென்னை அச்சகத்தோடு பழக்கம் உள்ளவர். ற, ர வித்தியாசம், சந்தி எல்லாம் பார்த்துத் திருத்தினார். அவளும் நன்றியோடு கோப்பை அவரிடமே விட்டுவிட்டாள். அவள் விட்ட ஒரே பிழை அது.

மத்தியானம் அவர் வந்தார். தமிழ் வானொலி ஒன்றில் புத்தகத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்த சந்தோசம் முகத்தில் இருந்தது.

"பெட்டியள் வந்திட்டுதோ? அட்டை வடிவா இருக்கோ?"

"பேர் பிழையா வந்திருக்கு," என்றாள் ஜெயமலர்.

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். வழக்கத்தை விடக் கூட நேரம் எடுத்தது. "அது சென்னைக்காரன் விட்ட பிழை. அவங்களுக்கு எங்கட பேர் வழக்கம் விளங்காது. ஜெயமலர் விநாயகமூர்த்தி எண்டுதான் அனுப்பினனான். முன்னுக்குக் கிடந்ததை விட்டிட்டாங்கள்."

"என்னுரையும் சென்னைக்காரனோ எழுதினவன்?"

அந்த நிமிடத்தில் மனிசன் 'பிழைதான்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஊரிலே கணிதம் படிப்பித்தவர் அல்லவா, வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

"இஞ்சாரும், ஆறுதலா யோசிச்சுப் பாரும். அயர்லாந்து, டப்ளின், இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தின அச்சுக்கூடம். ஜெயமலர் எண்டு போட்டால் ஆர் வாங்குவினம்? சமையல் புத்தகம் எண்டாலும் பரவாயில்லை. எனக்கு இஞ்ச ஒரு பேர் இருக்கு. புத்தகம் நாலு பேரின்ர கைக்குப் போகோணும் எண்டுதான் நான் செய்தது."

"நாலு பேரின்ர கைக்குப் போறது என்ர புத்தகமோ, உங்கட புத்தகமோ?"

"உம்மட பேரும் விநாயகமூர்த்திதானே. லைசென்ஸை எடுத்துப் பாரும். புருசன் பெஞ்சாதிக்குள்ள என்ன உன்ர, என்ர?"

"அப்ப ஜெயமலர் எண்டு போட்டிருக்கலாமே. புருசன் பெஞ்சாதிக்குள்ள என்ன?"

விடை இல்லாத இடத்தில் குரலை உயர்த்துவது அவர் பழக்கம். "பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை. இருந்து திருத்தினது ஆர்? அதை யோசிச்சனீரோ?" என்றார். பிறகு தணிந்து, "சனிக்கிழமை விழா. பஸ்ரியன் முதல் பிரதி வாங்கிறார். இனி ஒண்டும் செய்யேலாது. ரெண்டாம் பதிப்பில பாப்பம். நீர் பொதி செய்யிற அலுவலைப் பாரும். பத்துப் பிரதி மினுங்கல் தாளில, றிபன் கட்டி. தேத்தண்ணியோட குடுக்க ரோல்ஸுக்கும் சொல்லிப்போடும்," என்றார்.

ரொறொன்ரோவில் தமிழ்ப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வரும் என்று சொல்ல அவரைப் போல நெஞ்சழுத்தம் யாருக்கும் வராது. அவர் எழுதிய ஆறு புத்தகங்களின் முதல் பதிப்பே அதே கராஜில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. அந்த ஆறையும் தட்டச்சுச் செய்தவளும் இவள்தான். அப்போதெல்லாம் அட்டையில் தன் பெயர் வரவேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை, ஏனென்றால் அவற்றை அவள் எழுதவில்லை. இந்தச் சின்ன நியாயம் ஏன் இந்த மனிசனுக்குப் பிடிபடவில்லை?

அன்று பின்னேரமே அவள் மினுங்கல் தாளும் றிபனும் வாங்கி வந்தாள். கோபம் அடங்கிவிட்டது என்று விநாயகமூர்த்தி நினைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனாள். மேசையில் காத்திருந்தது ஒரு டப்ளின் பிரசங்கப் புத்தகம். திறந்ததும் தலைப்புத் தாளுக்கு அடியில், தையலோரமாக, அரை விரல் அகலத்துக்கு ஒரு தாள் கீற்று நீட்டிக்கொண்டு இருந்தது. இதைப் போல நூறு பார்த்திருப்பாள். அந்தக் காலத்து அச்சுக்காரர் ஒரு தாளில் பெரிய பிழை கண்டால் புத்தகத்தை எறிய மாட்டார்கள். அந்தத் தாளை மட்டும் கத்தியால் வெட்டி, மிஞ்சிய அடிக்கட்டையில் புதுத் தாளை ஒட்டி விற்பார்கள். பட்டியலில் ஒரு குறிப்பெழுதுவதற்கு மேலே அதைப் பற்றி அவள் யோசித்ததில்லை. இன்றைக்கு அந்த அடிக்கட்டையை விரலால் தடவிக்கொண்டு கன நேரம் இருந்தாள்.

பிறகு கீழே, பழுதான புத்தகங்களைச் செப்பனிடும் அறைக்குப் போனாள். அங்கே ஸ்டெபனி இருந்தாள். பதினைந்து வருடப் பழக்கம். நல்ல பசை கொஞ்சம் வேண்டும் என்று ஜெயமலர் கேட்டாள். எத்தனை தாள் ஒட்ட என்று ஸ்டெபனி கேட்டாள். நூற்றைம்பது என்றாள் இவள். ஸ்டெபனி அவள் முகத்தைப் பார்த்தாள், கையில் எடுத்த சின்னப் போத்தலைத் திருப்பி வைத்துவிட்டுப் பெரிய போத்தலை எடுத்தாள். கூடவே ஒரு கூரான கத்தியும் இரும்பு அடிமட்டமும் தந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஜெயமலர் லீவு போட்டாள். விழாவுக்குப் பொதி செய்ய என்றதும் விநாயகமூர்த்திக்குச் சந்தோசம். நம் சனத்தின் புத்தக வெளியீடுகளில் ஒரு நடைமுறை இருக்கிறது. மேடையில் பிரிக்கும் வரை புத்தகத்தை யாருக்கும் காட்டக்கூடாது. மினுங்கல் தாளில் சுற்றி, றிபன் கட்டி, தட்டிலே வைத்துக் கொண்டுவருவார்கள். அதைச் சுற்றுவது, கட்டுவது, தட்டைத் தூக்குவது, பின்னால் தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் பெண்களின் பாடு. எழுதியவர் மேடையில் இருப்பதோடு சரி. இருபது வருடமாக அலுப்புத் தந்த அந்த வேலையை ஜெயமலர் முதன்முறையாக ஆசையோடு ஏற்றுக்கொண்டாள்.

புதுத் தலைப்புத் தாளை வீட்டு அச்சுப்பொறியிலேயே, தடித்த தாளில் அடித்தாள். என்ன போடுவது என்று யோசிக்கத்தான் நேரம் எடுத்தது. கோபத்தில் முதலில் எழுதிய வரிகளை அடுத்தவர் பார்க்க முடியாது. அவற்றை அழித்தாள். கடைசியில் இவ்வளவும் மிஞ்சியது:

டப்ளின் அச்சுக்கூடப் பெண்கள்
எழுதியவர்: ஜெயமலர்
எழுத்துப்பிழை திருத்தியவர்: விநாயகமூர்த்தி

அவருக்குச் சேரவேண்டியதை அவள் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

வியாழக்கிழமை மகள் சாம்பவி வந்தாள். அவள் விட்பியில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வங்கி ஒன்றுக்கு வேலை செய்கிறவள். கராஜில் தாய் மடக்கு மேசைக்கு முன்னால் நின்று, அடிமட்டத்தை அழுத்திக்கொண்டு தகப்பன் பெயரை வெட்டி எடுப்பதைப் பார்த்தாள். காலுக்குக் கீழே என்னுரைகள் குவிந்து கிடந்தன.

"அம்மா, திஸ் இஸ் இன்சேன். அப்பாட்ட கதைச்சனீங்களோ?"

"கதைச்சன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"ரெண்டாம் பதிப்பில பாப்பமாம்."

சாம்பவி சுவரோடு அடுக்கியிருந்த ஆறு புத்தகங்களின் பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றினாள். "எல்லாருக்கும் முன்னால அவருக்கு வெக்கமாப் போகும். யூ நோ தட், ரைற்?"

"ஓம். எனக்கு மூண்டு பக்கத்தில வெக்கமாப் போச்சு, அதை நூற்றைம்பது தரம் அச்சடிச்சிருக்கு," என்றாள் ஜெயமலர். "பசையை மெல்லிசாப் பூசு. கூடினால் தாள் அலையும்."

தாய் வெட்ட மகள் ஒட்டினாள். அட்டைக்கு ஜெயமலர் நீலத் தாள் வாங்கி வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் டப்ளின் புத்தகங்கள் பல, முறையாக அட்டை கட்டுவதற்கு முன்னம், இப்படி வெறும் நீலத் தாளில்தான் விலைப்பட்டன. அதை மேலே ஒட்டியதும் அச்சு யந்திரப் படமும் கொட்டை எழுத்தும் அதற்குள்ளே மறைந்தன.

வெள்ளி மத்தியானம் விநாயகமூர்த்தி கராஜுக்குள் தலையை நீட்டினார். மேசையில் மினுங்கல் தாளும் றிபனும்தான் தெரிந்தன.

"கட்டியாச்சோ?"

"கட்டுறன்."

"ஒண்டைத் தாரும், நாளைக்குப் பேசக் குறிப்பெடுக்க."

"இப்ப பிரிச்சால் றிபன் பழுதாப்போம்," என்றாள். "உங்களுக்குத் தெரியாத புத்தகமோ?"

அவர் சிரித்துக்கொண்டு போனார். அச்சகம் கணக்குக்கு மேலே ஒரு பிரதி கூட வைத்து அனுப்பியிருந்தது; வெட்டாத அந்த ஒரேயொரு பிரதியை அவள் தன் கைப்பைக்குள் போட்டாள். அது நூலகத்துக்கு. நாளைக்கு யாராவது அடிக்கட்டையைத் தடவிப் பார்த்து என்ன நடந்தது என்று தேடினால், ஹானா டோய்லுக்காக இவள் பட்ட பாடு அவர்களுக்கு வேண்டாம்.

சனிக்கிழமை ஸ்காபரோ மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. விளக்கேற்றி, கனடாக் கீதமும் தமிழ் வாழ்த்தும் பாடி, போரில் செத்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தி முடிய ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. மேடையில் ஐந்து கதிரை. ஐந்திலும் ஆண்கள். நடுக் கதிரையில், பட்டு வேட்டியோடு, 'நூலாசிரியர்' என்று முன்னால் அட்டை வைத்து விநாயகமூர்த்தி இருந்தார். ஜெயமலர் பின்னால் தேத்தண்ணி மேசையில் நின்றாள். அங்கே நின்ற மற்றப் பெண்கள், புருசனின் புத்தகம் வெளிவருவதற்கு அவளைப் பாராட்டினார்கள். அவள் கோப்பைகளை அடுக்கினாள்.

நாலு பேர் பேசினார்கள். அயர்லாந்துப் பெண்களின் துயரத்தை விநாயகமூர்த்தி எவ்வளவு மென்மையாக உணர்ந்திருக்கிறார் என்று நாலு பேருமே சொன்னார்கள். ஒருவரும் புத்தகத்தை வாசித்திருக்கவில்லை. ஒவ்வொரு கைதட்டலுக்கும் ஜெயமலருக்குக் காது சூடாகியது.

அடுத்து முதல் பிரதி. வீடு விற்பனை முகவர் பஸ்ரியனை அறிவிப்பாளர் யோகமலர் மேடைக்கு அழைத்தார். பஸ்ரியனுடைய முகம் பஸ் தரிப்பிட இருக்கைகளில் எல்லாம் விளம்பரமாக இருக்கும், ஆகவே அறிமுகம் தேவைப்படவில்லை. சாம்பவி தட்டைக் கொண்டுபோனாள். விநாயகமூர்த்தி பொதியை எடுத்துக் கொடுத்தார், படம் எடுத்தார்கள். பஸ்ரியன் றிபனை அவிழ்த்தார். நீலப் புத்தகம் வந்தது. அதுவும் ஒரு சுற்றுத் தாள் என்று நினைத்து அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வராதபடியால் உள்ளே திறந்து, முதல் பிரதி வாங்குகிறவர் செய்கிற மாதிரி, ஒலிவாங்கியில் வாசித்தார்.

"டப்ளின் அச்சுக்கூடப் பெண்கள். எழுதியவர் ஜெயமலர். எழுத்துப்பிழை திருத்தியவர் விநாயகமூர்த்தி."

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கு விளங்கியது. விநாயகமூர்த்தி புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். முகம் வெளிறியது. ஆனால் பழகின மேடை, ஒலிவாங்கியைப் பிடிக்க அவருக்குக் கனநேரம் எடுக்கவில்லை.

"மன்னிக்கோணும். சென்னை அச்சகத்தில ஒரு சின்னப் பிழை நடந்திட்டுது," என்றார்.

அதே சென்னைக்காரன். அதே பிழை. ஜெயமலர் கையிலிருந்த கோப்பையை வைத்தாள். அதுவரைக்கும் அவளுக்குள்ளே ஒரு மூலையில் அவர் மேல் ஒரு பரிதாபம் இருந்தது. அது அந்தச் சொல்லோடு போய்விட்டது. நடுப் பாதையால் நடந்து மேடையில் ஏறினாள். யோகமலர் தன் ஒலிவாங்கியை அவளிடம் கொடுத்தார்.

"சென்னைக்காரர் ஒரு பிழையும் விடேல்லை," என்றாள் ஜெயமலர். "அவருக்கு என்ன பேர் போச்சுதோ அதைத்தான் அவர் அடிச்சவர். அந்தத் தாளை வெட்டினது நான். நூற்றைம்பதையும் நான்தான் வெட்டினனான். நீலத் தாளை உரிச்சுப் பாருங்கோ, உள்ளுக்குப் பழைய பேர் கிடக்கும். நாலு வருசம் இருந்து இதை எழுதினது நான். இவர் எழுத்துப்பிழை திருத்தினவர். அதையும் போட்டிருக்கிறன்."

முன் வரிசையில் யாரோ எழும்பப் பார்த்து, திரும்ப இருந்தார்.

"இந்தப் புத்தகத்தில ஹானா டோய்ல் எண்டு ஒரு மனிசி வாறா. ஒன்பது வருசம் புருசன்ர பேரில புத்தகம் அடிச்சவ. தன்ர பேரைப் போடுறதுக்கு, அவர் சாகுமட்டும் பொறுத்திருந்தவ." அவள் கணவனைப் பார்த்தாள். "எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை."

ஐயோ என்று ஒரு குரல் கேட்டது. புருசனை வைத்துக்கொண்டு சபையிலே சொல்லுகிற சொல்லா அது? இல்லைதான். அவள் அதைத் தெரிந்துதான் சொன்னாள். பின்னால், தேத்தண்ணி மேசைப் பக்கத்திலிருந்து, ஒரு பெண் கைதட்டத் தொடங்கினாள். இன்னொருத்தி சேர்ந்தாள்.

ஜெயமலர் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தாள். மேடையில் இருக்க இடமில்லை, ஐந்தே ஐந்து கதிரை. அவள் நடுக் கதிரைக்கு முன்னால் போய் நின்றாள். விநாயகமூர்த்தி இதற்குள் அதில் திரும்ப உட்கார்ந்திருந்தார். அவர் வாய் அசையாமல் சொன்னார்:

"வீட்டை போய்க் கதைப்பம்."

"வீட்டில கதைச்சாச்சு," என்றாள். "எழும்புங்கோ."

நானூறு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் எழும்பினார்.